ஒப்படைக்காத குரல்

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவன் சூசைக்காக பெர்னதெத் எழுதிய கணினி நிரல் அது, கண்ணுகளா. திரையில் ஒரு படத்தைத் தொட்டால், முன்பு பதிந்துவைத்த அவன் குரலே பேசும். பிழை வந்தாலும் பழையதுக்குத் திரும்பலாமென்று கேள்விப்பட்டு, நிரல் இருந்த கோப்புறையில் ‘கிட்’ என்ற மென்பொருளைத் தொடங்கினாள். இனி எதற்கென்று ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்று எடுத்துவைத்திருந்த நகல்களையெல்லாம் அழித்தாள். பிறகு பதிவிலிருந்த இரைச்சலைக் களையப்போய்க் குரலையும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

“கமிட் போட்டியாக்கா?” என்றான் போனில் தம்பி.

“தொடங்கிட்டேனேடா!”

“தொடங்கினா வெறும் பெட்டிதான் வரும். கமிட் போட்டு உள்ள நீதானே வைக்கணும்?”

“இனி அவரு குரலுக்கு எங்கடா போவேன்?”



சூசை தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். மறுபடி அழுத்தித் தொட்டான். அவள் போனை வைத்துவிட்டு, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு சொன்னாள்:

“ஏ பெர்னா, தண்ணி கொண்டா.”