ரோட்டு முளை

கையும் களவுமாகத்தான் பிடிபட்டார் வீரையா. விடிந்தும் விடியாத நேரத்தில் வரப்பு மேல் நின்றிருந்தார். தோளில் சர்க்கார் முளைக்குச்சி. அதன் தலையில் சிவப்புத் துணி, நுனியில் இன்னும் காயாத வயல்சேறு.

பிடித்தவன் பால்சாமி, நிலம் அளக்கிற சர்வேயருக்குச் சங்கிலி பிடிக்க நேற்றுத்தான் வந்து சேர்ந்தவன். கிழவரை அவன் அடிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லவன். தோளில் முளையோடு அப்படியே மலையடிவாரத்துக் கூடாரத்துக்கு நடத்திக்கொண்டு போய்த் தாசில்தார் முன்னால் நிறுத்தினான்.

போடிநாயக்கனூரிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் வெள்ளைக்காரன் ரோடு போடப்போகிறான். முளை நட்ட இடமெல்லாம் ரோட்டுக்கு. நிலத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று தண்டோராப் போட்டார்கள். தண்டோராப் போட்டவனுக்குக் கூலி வந்ததா என்று கேட்டால் அவனே உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் எவன் நம்புவான்? ராசிங்காபுரத்துப் பக்கம் சில பேர் தங்கள் புஞ்சைக் காட்டு முளையைப் பிடுங்கிப் பக்கத்துக் காட்டில் நட்டுவிட்டு, மாட்டிக்கொண்டு, ஜெயிலுக்கும் போனார்கள்.

சேதி கேட்டு மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போடியிலிருந்து ஓடிவந்தான். வீரையாவின் காட்டுக்குக் கீழே இருக்கிற வயல் அவனுடையது. அறுப்பு முடிந்தபிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவன்.

"பாத்தீகளா சாமி! ரோட்ட என் வயல்ல தள்ளிவிடப் பாக்குறாரு. ஏன் மாமா, நீரு ஒண்டிக்கட்ட. போறப்ப காட்டச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டா போகப்போறீரு?"

"நீ சும்மா கெட மாப்ளே. ஒன் வயலுக்கு நான் நல்லதுதான் பண்ணுனேன்."

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பால்சாமியும் சிரித்தான்.

தாசில்தார் வெளியூர்க்காரர். கத்துகிற மனிதர் இல்லை. "பெரியவரே, நிலத்தைச் சும்மா எடுத்துக்கப் போறதில்லை. விலை போட்டுக் குடுப்போம். மரம், கிணறு இருந்தா அதுக்குத் தனியா உண்டு."

"என் காட்டுல கெணறு ஏது சாமி? வெறுஞ் சரள. எள்ளு வெதச்சாக்கூட மொளைக்காது."

"பிறகு எதுக்கு இந்த வேலை? வீட்ல யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"வீட்ல யாரு இருக்கா? பொண்டாட்டி காலராவுல போயிட்டா. மகன் கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனான். போனவன்தான்."

கிழவர் மலையைப் பார்த்தபடி பேசினார். "மேல இருந்து ஏலக்கா ஏத்திக்கிட்டுப் பொதிமாடு எறங்குற தடம் என் வாசலோடதான் போகுது. மாட்டுக்காரப் பயலுவ எவனாச்சும் 'அப்பு, தண்ணி இருக்கா'ன்னு நிப்பான். அன்னைக்கு வாயத் தொறப்பேன். மத்த நாள்ல இந்த வாய்க்குச் சோலியே கெடையாது."

"இனிமே அந்தத் தடம் எதுக்கு?" என்றார் தாசில்தார். "ரோடு வந்துட்டா பொதிமாடு, வண்டி, ஆளு எல்லாம் ரோட்டுலதான் போகும். பழைய தடமெல்லாம் முள்ளு மண்டிப் போயிடும்."

"அப்படித்தான் நானும் கேள்விப்பட்டேன்."

"கேட்டீகளா!" மொக்கையன் குதித்தான். "இவரு மாட்டுக்காரனுக்குத் தண்ணி ஊத்தணுமாம், அதுக்காக ஊருக்கு ரோடே வேணாமாம்!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கிழவர் குனிந்து நின்ற விதம் அப்படி.

தாசில்தார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சர்க்கார் முளையில கை வச்சா ஜெயில்னு தெரியும்ல? வயசைப் பார்த்து ஒண்ணு சொல்றேன். பிடுங்கின இடத்துலயே திரும்ப நட்டுட்டுப் போயிடும். நானும் மறந்துடறேன்."

மொக்கையனே கிழவரின் கையைத் தொட்டான். "வெரசா சரின்னு சொல்லும் மாமா. இந்த வயசுல ஜெயிலுக் களியத் தின்னு செரிக்க முடியுமா?"

"நட மாட்டேன்."

"என்னது?"

"நட மாட்டேன் சாமி. ஜெயில்னா ஜெயில். அங்கயாச்சும் நாலு பேரு இருப்பாக."

அந்த நேரத்தில் சர்வேயர் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். முளைகளைச் சரிபார்க்கப் போனவர். கிழவரை ஒரு பார்வை பார்த்தார், மொக்கையனை ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, இந்தப் பெரியவர் காட்டுல நாங்க ஒரு முளைகூட நடலை. ரோடு இந்த மொக்கையனோட வயல் வழியாத்தான் போகுது. இப்போ வயல்ல வெறுங் குழிதான் இருக்கு. முளை எல்லாம் இவர் வீட்டு வாசல்ல வரிசையா நட்டு நிக்குது. தோள்ல இருக்கறதுதான் கடைசி."

"என் வயலா?" என்றான் மொக்கையன்.

தாசில்தாருக்கு அதுவரை வராத கோபம் இப்போது வந்தது. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். "அடப்பாவி! நஷ்டஈட்டுக்கு ஆசைப்பட்டா இவ்வளவும் செஞ்சே? ஒண்ணுக்கும் ஆகாத சரளையை வித்துக் காசாக்கப் பார்த்தியா?"

வீரையா தோளிலிருந்த முளையை மெள்ளக் கீழே இறக்கி வைத்தார்.

"பணம் மொக்கையனுக்கே போகட்டும் சாமி. ரோட்ட மட்டும் என் வாசல்ல விடுங்க."