வாரண்டி வேண்டாம்

கிளீவ்லாந்தின் அந்தக் கேமரா கடையில் நுழைந்ததும் விலை உயர்ந்த ஒன்றைக் காட்டச் சொன்னேன்.

"யாருக்கு மேடம்?" என்றார் விற்பனையாளர் வெண்டெல்.

"அம்மாவுக்கு. படுத்த படுக்கையா இருக்காங்க. ஜன்னல் பக்கம் வர்ற குருவியைப் படம் எடுக்கணுமாம்."

அவர் முகம் மாறியது. "அப்போ இது வேணாம். இந்தக் கனத்துக்கு அவங்க கை கடுத்துப் போயிடும். இந்தச் சின்னது போதும், பாதி விலைதான்."

"கூடுதல் வாரண்டி?"

வெண்டெல் மேலாளர் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தண்டச் செலவு. அந்தக் காசுல குருவித் தீனி வாங்கி ஜன்னல்ல வைங்க. கூட்டமா வரும்."

வாசல்வரை வந்து பையைக் கொடுத்தார். "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லுங்க."

காரில் உட்கார்ந்து, கடையின் தலைமை அலுவலகம் தந்த படிவத்தைப் பிரித்தேன். வாடிக்கையாளர்போலப் போய் ஊழியர்களைச் சோதிப்பது என் வேலை. அம்மா இறந்து ஒன்பது வருடம்.

'விலை உயர்ந்ததை விற்க முயன்றாரா?' இல்லை.

'கூடுதல் வாரண்டியை வற்புறுத்தினாரா?' இல்லை.

இரண்டு 'இல்லை' விழுந்தால் அந்த ஊழியரின் வேலை போய்விடும். ரசீதையும் இணைக்க வேண்டும்; பாதி விலைக் கேமராவும் வாரண்டி இல்லாததும் அதிலேயே தெரியும். அவரிடம் சொன்னதுபோல் இங்கே பொய் சொல்ல வழியில்லை.

கடைசிக் கேள்வி: 'அன்பாக நடந்துகொண்டாரா?'

'ஆம்' என்று பெரிதாக எழுதினேன். அந்தக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.