தேதிக்கோட்டில் ஒரு படையல்

லாஸ் ஏஞ்சல்ஸில் விமானம் ஏறியதிலிருந்து மறைய மனமில்லாத சூரியன் கிஹ்வானின் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. சியோலுக்கு இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர், ஆறு மணி நேரம் என்கிறது திரை. “காலை ஆட்டாதீங்க தம்பி, அதிர்ஷ்டம் உதிர்ந்துடும்” என்கிறாள் பக்கத்து இருக்கை அக்கா. “நாளைக்குச் சாயங்காலம் அப்பாவோட நினைவுநாள் படையல், அக்கா. மூத்தவன், நான்தான் முதல் கிண்ணம் மது ஊத்தணும்.” “நாளைக்கா? தேதிக்கோட்டைத் தாண்டியாச்சே, ஊர்ல இப்பவே நாளைதான். நாம இறங்கி வீடு போறதுக்குள்ள படையல் முடிஞ்சிரும்.” கால் நின்றுவிடுகிறது. பறக்கும் நேரத்தை எண்ணியவன், வழியில் தொலையும் நாளை எண்ணவில்லை. பணிப்பெண்ணிடம் அரிசி மது வாங்கி, கிண்ணத்தை மூன்று முறை சுற்றித் தட்டில் வைக்கிறான். விழுந்து கும்பிட பெல்ட் விடவில்லை. நெற்றி திரையில் இடிக்கும்வரை குனிகிறான். அக்கா தன் பேரிக்காய்த் துண்டைக் கிண்ணத்தருகே நகர்த்துகிறாள். “மதுவை மட்டும் வெச்சா அப்பா கோவிச்சுக்குவாரு.”