உடைந்த குழாய்முனை

என் மனைவி ரேலீனுடைய கடைசிக் குளிர்காலம். பல்லாரட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல்லெல்லாம் உறைபனி. நீச்சல்குள ஹீட்டரின் முன் அவள் மண்டியிட்டிருக்கிறாள். அதன் வாயில் திருகியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இணைப்பு நேற்று முறிந்து, பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. வெந்நீரில் மிதக்கும்போதுதான் அவளுடைய எலும்புவலி அடங்கும். புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தால் அவள் விரல்கள் மரத்துப்போய் மூன்று மாதமாகிறது. அந்த விரல்களால் ரம்ப பிளேடைப் பிடித்து, பிளாஸ்டிக்கை உள்ளிருந்து அறுக்கிறாள். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் ஹீட்டர் வாயின் கறுப்புத் திருகுமரை வெட்டுப்படும். பிறகு ஹீட்டரையே தூக்கி எறிய வேண்டியதுதான். என் கையில் டார்ச். "ஆட்டாத கிளைவ். டிஸ்கோவா நடத்துற?" "குளிருது." "பொய். பயம். கறுப்பு தெரிஞ்சா சொல்லு, என் கைக்கு ஒண்ணும் தெரியல." "வெள்ளைதான். இன்னும் வெள்ளைதான். மெதுவா, கண்ணு." வெள்ளைத் தூள் அவள் மடியில் உதிர்கிறது. நான் இமைக்காமல் பார்க்கிறேன். மயிரிழை போலக் கறுப்பாக ஒரு கோடு. "நிறுத்து." பிளேடு நிற்கிறது. குறட்டால் துண்டைக் கவ்வி, உள்பக்கமாக மடக்கி இழுக்கிறாள், வந்துவிடுகிறது. மரையில் கீறல்கூட இல்லை. "மூணு வாரமாகும்னு சொன்னானே அந்த பிளம்பர், அவன்கிட்ட காட்டணும் இத," என்று துண்டை உயர்த்திச் சிரிக்கிறாள். அவள் கட்டைவிரலிலிருந்து ரத்தம் வழிந்து ஸ்வெட்டர் கைக்குள் இறங்குகிறது. நான் அதையே பார்க்கிறேன். அவள் சிரிப்பு அடங்குகிறது. "என்ன கிளைவ்?" என்கிறாள். தன் கையைப் பார்க்காமல், என்ன நடந்தது என்று என் முகத்தில் தேடுகிறாள்.