குகை வாசலில் வரவு இடாப்பு

நக்கிள்ஸ் மழைக்காட்டுக் குகையின் ஒடுங்கிய வெளிவாசலில் எங்கள் விரிவுரையாளர் சபாரத்தினம் சேர் சிக்கி இறுகிப்போய்க் கிடக்கிறார். பின்னால் வரிசையில் நிற்கும் மாணவர்கள் ஒன்பது பேருக்கும் வெளியேற வேறு வழியில்லை. எங்களுக்குத் தெரிவது அவருடைய சப்பாத்துகளும், அட்டை ஏறாமலிருக்கச் சவர்க்காரம் தேய்த்த காலுறைகளும், தோளோரமாக நூலளவு கசியும் பச்சை வெளிச்சமும்தான். “அவசரமில்ல சேர், நாளைக்குத்தானே டெஸ்ட்,” என்கிறான் அக்ரம். வெளியே அவருடைய கைகளைப் பிடித்திருக்கும் வழிகாட்டி றினோஸ் நானாவின் குரலில் மட்டும் தேநீர் ஆற்றுகிறவரின் நிதானம். “பயத்துல மூச்ச இழுத்து வச்சிருக்கீங்க சேர், அதான் நெஞ்சு சிக்குது. புள்ளைகள்ட பேரக் கூப்புடுங்க. எல்லாத்தையும் ஒரே மூச்சில.” சேர் கூப்பிடுகிறார். “ஸஹ்னா, அக்ரம், வாகினி...” விரிவுரை மண்டபத்தின் வாசலையே காணாதவர்களும் “இருக்கேன் சேர்!” என்று கத்துகிறார்கள். எங்கள் வகுப்பில் நூறு வீத வரவு இதுதான் முதல் தடவை. மூச்சுத் தீரத் தீரக் குரல் மெலிகிறது, நெஞ்சு ஒடுங்குகிறது. ஒன்பதாவது பேரில் நானா ஒரே இழுவையாக இழுக்கிறார். சப்பாத்துகள் மறைகின்றன, குகை முழுக்கப் பச்சை வெளிச்சம் பாய்கிறது. “அல்ஹம்துலில்லாஹ்! கொஞ்சம் உக்காருங்க சேர்.” அவர் உட்காரவில்லை. சேறு அப்பிய முகம் மறுபடி வாசலில் தெரிகிறது. “ஸஹ்னா...” இடாப்பு முதலிலிருந்து தொடங்குகிறது. இந்தத் தடவை பேரோடு சேர்ந்து அவருடைய கையும் உள்ளே நீள்கிறது.