தகப்பன் செய்தது சரியா?

"பிடிச்சிக் கொடுத்தது சரிதான் ஐயா! அந்த மாதிரி புள்ள இருந்தா என்ன, செத்தா என்ன!"

பதினோராம் வகுப்பு மூர்த்தி சொல்லிவிட்டு உட்கார, வகுப்பே மேசையைத் தட்டியது. தமிழாசிரியர் அப்பாதுரை நாற்காலியில் சாய்ந்தார். தூக்கம் கெட்ட கண்களைத் திறந்து வைத்திருப்பதே அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது.

துணைப்பாடக் கதை ஒன்றும் பெரிதில்லை. பர்மா சண்டையிலிருந்து லீவில் வந்த சிப்பாய் ஒருவன், திரும்பிப் போகப் பயந்து வீட்டு நெற்குதிருக்குள் ஒளிந்துகொள்கிறான். பெற்ற தகப்பனே போய்ப் போலீசில் சொல்லிவிடுகிறான். கேள்வியும் வழக்கமான கேள்விதான்: தகப்பன் செய்தது சரியா?

"எல்லாரும் ஒரே பாட்டைப் பாடாதீங்கடா. தப்புனு சொல்ல ஒருத்தன்கூடவா இல்ல?" என்றார் அப்பாதுரை.

யார் சொல்வார்கள்? எழுபத்தொன்றாம் வருஷம், டிசம்பர் மாதம். எல்லையில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஐயாவின் ஒரே மகன் அருணகிரி பட்டாளத்தில் இருப்பவன். கார்த்திகை தீபத்துக்கு லீவில் வந்திருந்தவனை, உடனே திரும்பச் சொல்லித் தந்தி வந்துவிட்டது. தெருவே ஸ்டேஷனுக்குப் போய் மாலை போட்டு அவனை ரயிலேற்றிவிட்டு வந்தது. தலைமையாசிரியர் அதைக் காலை வணக்கத்தில் மைக்கில் பெருமையாகச் சொன்னார். அப்படிப்பட்டவர் முன்னால், ஓடி ஒளிந்தவனுக்குப் பரிந்து பேசினால் அது மரியாதையா?

பாவம், மனிதர் அன்றிலிருந்தே ஒடிந்து போயிருந்தார். அவர் மனைவி ஜோதியம்மாள் அதைவிட மோசம். எந்நேரமும் திறந்தே கிடக்கும் வீடு இப்போது பகலிலும் தாழ் போட்டிருந்தது. கோயில் பிரசாதம் கொடுக்கப் போன பக்கத்து வீட்டு எல்லம்மாளைக்கூட வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டாள். பெத்த வயிறு கலங்கத்தானே செய்யும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"மூர்த்தி, நீயே தப்புனு பேசுடா. ஒரு வாதத்துக்குத்தான்."

மூர்த்தி தலையைச் சொறிந்தான். "அவன்... பயந்துட்டான் ஐயா. பயம் யாருக்கும் வரும். பெத்தவங்களே காட்டிக் கொடுத்தா அவன் எங்கதான் போவான்?"

"அப்படிக் கேளு!" ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சின்னப் பையன்டா அவன். செத்துட்டான்னா, அவனுக்குக் கொடுக்கிற பதக்கத்தை வெச்சிக்கினு அவங்கம்மா என்ன பண்ணுவா?"

அப்போதுதான் கடைசி பெஞ்சில் காசி எழுந்தான். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்து வருகிறவன்; கேட்டால்கூடப் பேசாத பையன். அவன் அண்ணன் தருமனும் ஐயாவின் மகனும் பட்டாளத்தில் ஒரே பிரிவு. தருமனுக்குத்தான் இந்தத் தீபத்துக்கு லீவு கிடைக்காமல் போய்விட்டது.

"ஒருத்தன் ஒளிஞ்சிக்கினா சண்டை நிக்காது ஐயா. அவன் நிக்க வேண்டிய இடம் காலியா இருக்கும், அவ்ளோதான். பக்கத்துல நிக்கிறவன் தனியா மாட்டிக்குவான்."

"சரிப்பா..."

"சண்டை வந்ததிலேருந்து எங்கம்மா தூங்கவே இல்ல ஐயா. உங்க பையன் ரயிலேறினப்புறம்தான் கண்ணையே மூடுது. 'வாத்தியார் புள்ள போய்ச் சேர்ந்திருக்கும், தருமனுக்குப் பக்கத்துல இருக்கும்'னு சொல்லிச் சொல்லித் தூங்குது." காசி உட்காரப் போய், மறுபடியும் நிமிர்ந்தான். "தகப்பன் செஞ்சது சரிதான் ஐயா."

அப்பாதுரை உட்காரும்படி கையை மட்டும் காட்டினார். மணி அடிப்பதற்கு முன்பே புத்தகத்தை மூடிவிட்டார்.

வெளியே வந்தவரை மூர்த்தி மடக்கினான். "ஐயா, இந்தக் கதை அரையாண்டுப் பரீட்சைக்குக் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எதுக்கு ஐயா இன்னைக்கு நடத்தினீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கலாம்னுதான்டா," என்றார்.

சாயங்காலம் தேரடித் தெரு வழியாகத் தளர்ந்து நடந்தார். மலை உச்சியில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். கடைக்கார இருசப்பன் அவரைக் கண்டதும் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"தம்பிகிட்டேருந்து ஏதாவது சேதி வந்துச்சுங்களா?"

"இன்னும் இல்லப்பா."

"கவலையே படாதீங்க. உங்க புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. அண்ணாமலையார் பார்த்துப்பாரு."

அப்பாதுரை தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் நடந்தார்.

ஜோதியம்மாள் தாழை நீக்கி, அவர் உள்ளே நுழைந்ததும் மறுபடியும் போட்டாள். அவர் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வேணாங்க..." என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கால்ல வேணா விழறேன், வேணாங்க!"

அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரோரம் கிடந்த ஏணியைத் தூக்கிப் பரணில் சாத்தினார்.

"எறங்கி வா அருணகிரி. தருமன் அங்க தனியா நிக்கிறான்."