நீல வால்

"இன்னிக்கு மூணு!" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நடீன் கூவினாள். "நீல வால் அணில்! ஒஹாயோவுலயே நம்ம தெருவுலதான். மத்தியானம் டிவிக்காரங்க வர்றாங்க!"

டெல்பர்ட் அவசரமாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"உங்க வேலைதானே?" மனைவி லொரெட்டா பல்லைக் கடித்தாள்.

"சத்தியமா நீலம் நான் அடிக்கலடி!"

பறவைகளுக்குத் தொங்கவிடும் விதையைத் தின்றுதீர்க்கும் அணில்களைக் கூண்டு வைத்துப் பிடித்து, ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவருவது அவருடைய ரகசியம். சட்டப்படி குற்றம். விட்டதே திரும்பி வருகிறதா என்று பார்க்க, வாலில் பெயின்ட் வேறு தடவி அனுப்புவார்.

"கேமரா வந்தா மாட்டிக்குவீங்க. கொல்லையில பிடிச்சு வச்சிருக்கறதை முதல்ல கொண்டுபோய் விட்டுத் தொலைங்க."

கூண்டைப் போர்வையால் மூடிக் காரில் ஏற்றினார். பாலத்தை நெருங்கும்போதே பிரேக்கை மிதித்தார். சாலையோரம் ஒருவன் குனிந்து கூண்டைத் திறந்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஒரு நீல வால் துள்ளிக் குதித்து, டெல்பர்ட்டின் தெருப் பக்கம் ஓடியது.

"யோவ்! உங்க ஊர் அணிலை எங்க தலையில கட்டறியே, வெட்கமா இல்ல?" என்று பாய்ந்தார்.

அவன் காரின் பின் இருக்கையில், போர்வை நழுவிக் கிடந்த கூண்டையே பார்த்தான்.

"எங்க தெருவே அதிசயம்னு கொண்டாடுற சிவப்பு வாலெல்லாம்... நீங்கதானா?"